டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கணினி விளையாட்டுகள் இனி எந்தப் பக்கம் போகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் சிலர் கடையின் மேல்மாடியில் கூடி, பகடை உருட்டி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவார்கள். அவர்களும், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும், மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

அண்ணே, டி அண்ட் டின்னா என்ன? பால்டர்ஸ் கேட் செஞ்ச கம்பெனி பேரா?

அன்று. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு. அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய இதனை டிஎஸ்ஆர் நிறுவனம் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்ய நினைப்பதை வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை முடிவு செய்யும். பால்டர்ஸ் கேட் என்பது அந்த விளையாட்டுக்கென்று எழுதப்பட்ட கற்பனை உலகில் உள்ள ஒரு நகரத்தின் பெயர். அப்பெயரில் வந்த கணினி விளையாட்டுகள் மேசை விதிகளைத் திரைக்குக் கொண்டுவந்தவை.

விதிகளை அப்படியே கொண்டுவந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பால்டர்ஸ் கேட் 3-இல் ஒரு காவலனிடம் பொய் சொல்லித் தப்ப முயலும்போது, திரையின் நடுவே பகடை சுழலும். அதில் 1 விழுந்தால், பேச்சுத்திறன் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். மேசையின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, அடிக்கும் வீச்சில் 1 விழுந்தால் மட்டுமே அது கட்டாயத் தோல்வி. திறன் சோதனைக்கு அந்த விதி இல்லை. கணினியில் விளையாடிப் பழகிவிட்டு மேல்மாடிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே சண்டை பிடிப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

அப்போ அது யாருக்குச் சொந்தம்? லாரியனுக்கா, ஹாஸ்ப்ரோவுக்கா?

பெயரும் உலகமும் ஹாஸ்ப்ரோவுக்குச் சொந்தம். கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. அந்த விசார்ட்ஸை 1999-இல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. பால்டர்ஸ் கேட் 3-ஐ உருவாக்கிய லாரியன் ஸ்டுடியோஸ், பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தனி நிறுவனம். ஹாஸ்ப்ரோவின் பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்று, தன் பணத்தைப் போட்டு, தானே வெளியிட்டது.

உரிமம் என்றால் என்னவென்று கேட்பவர்களிடம், பிறருடைய ரப்பர்க்காட்டில் பங்குக்கு மரம் சீவுகிறவரை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். விடியுமுன் எழுவதும், கத்தியும், மழை நாளின் நட்டமும் அவருடையவை. மரமும் மண்ணும் காட்டுக்காரருடையவை. விற்ற பாலில் இருவருக்கும் பங்கு. அவர் அந்தக் காட்டில் புதிதாக ஒரு கன்று நட்டாலும் அது காட்டுக்காரருக்கே போகும். லாரியன் எழுத்தாளர்கள் படைத்த அஸ்டாரியன், கார்லாக் போன்ற பாத்திரங்கள் இன்று விசார்ட்ஸின் சொத்தாக இருப்பது இதனால்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானே கிடைத்துவிடும்.

என் லேப்டாப் பழசு. பால்டர்ஸ் கேட் 3 ஓடுமா? ஓடாதுன்னா வேற என்ன விளையாடுறது?

குறைந்தபட்சம் 8 ஜிபி நினைவகமும், ஜிடிஎக்ஸ் 970-க்கு நிகரான வரைகலை அட்டையும், வட்டில் 150 ஜிபி இடமும் கேட்கிறது. கடைக்கு வரும் மாணவர் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் 256 ஜிபி எஸ்எஸ்டிதான் இருக்கிறது. விண்டோஸும் பாடக் கோப்புகளும் படங்களும் போக மிச்சத்தில் இது அடங்காது. தனி வரைகலை அட்டையே இல்லாத கணினியில், எஸ்எஸ்டியைப் பெரிதாக மாற்றித் தரும்படி கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அத்தகைய கணினிக்குப் பழைய விளையாட்டுகளே பொருத்தம். 1998-இல் பயோவேர் உருவாக்கிய முதல் பால்டர்ஸ் கேட், 2000-இல் வந்த அதன் இரண்டாம் பாகம், 1999-இன் பிளேன்ஸ்கேப் டார்மென்ட், 2000-இன் ஐஸ்விண்ட் டேல், 2002-இன் நெவர்விண்டர் நைட்ஸ் ஆகிய ஐந்தையும் பீம்டாக் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. இவை கைப்பேசியில்கூட ஓடும். சண்டையைவிடக் கதையை விரும்புகிறவர் பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டில் தொடங்கலாம். வாசிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி, இதுல பேய், பிசாசு எல்லாம் வருதாமே. பிள்ளைங்க விளையாடலாமா?

1980-களில் அமெரிக்காவிலும் இதே அச்சம் எழுந்தது. அதனால் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அரக்கர், பிசாசு என்ற பெயர்களையே நீக்கிவிட்டு வேறு பெயர்கள் சூட்டினார்கள். பிற்பாடு பழைய பெயர்களே திரும்பிவந்தன. மேசை விளையாட்டைப் பொறுத்தவரை, கதை நடத்துபவர் யார் என்று பாருங்கள். கதையில் எது வரும், எது வராது என்பது அவர் கையில் இருக்கிறது.

கணினி விளையாட்டு வேறு. பால்டர்ஸ் கேட் 3 பெரியவர்களுக்கானது. வன்முறையும் பாலுறவுக் காட்சிகளும் உண்டு. அமைப்புப் பக்கத்தில் நிர்வாணத்தை மறைக்கும் தெரிவு இருக்கிறது என்றாலும், அதை நம்பிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

2002 வரைக்கும் வரிசையா வந்துச்சு. அப்புறம் 2023 வரைக்கும் ஏன் பெருசா ஒண்ணும் வரல?

ஒன்றும் வரவில்லை என்பது சரியன்று. 2006-இல் நெவர்விண்டர் நைட்ஸ் 2-உம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைனும், 2013-இல் நெவர்விண்டர் என்னும் இணைய விளையாட்டும் வந்தன. ஆயினும் முன்பிருந்த வேகம் போனது உண்மை. காரணம் கற்பனை வறட்சியன்று. உரிமை யார் கையில் இருந்தது என்பதுதான்.

முதல் பால்டர்ஸ் கேட் விளையாட்டுகளை வெளியிட்ட இன்டர்பிளே நிறுவனம் பணமுடையில் சிக்கி, 2003-இல் அந்தப் பெயரின் உரிமத்தை இழந்தது. அதன் பிளாக் ஐல் பிரிவு செய்துகொண்டிருந்த ஒரு மூன்றாம் பாகம் பாதியிலேயே கைவிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் அந்தப் பிரிவும் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2001-இல், ஹாஸ்ப்ரோ தன் கணினி விளையாட்டுப் பிரிவைப் பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸுக்கு விற்றிருந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெயரில் கணினி விளையாட்டு வெளியிடும் உரிமையும் அந்த விற்பனையோடு போய்விட்டது. தன் சொத்தின் பெயரில் தானே ஒரு கணினி விளையாட்டு வெளியிட முடியாத நிலைக்கு ஹாஸ்ப்ரோ வந்தது இப்படித்தான். இன்ஃபோகிராம்ஸ் பின்னர் அட்டாரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2009-இல் ஹாஸ்ப்ரோ அட்டாரி மீது வழக்குத் தொடுத்தது. 2011-இல் சமரசமாகி உரிமை திரும்பிவந்தது.

இந்தப் பத்தாண்டுக் கதையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட விளையாட்டுகளின் வருங்காலத்தைக் கணிக்க விரும்புகிறவர், எந்த விளையாட்டுக்கு முன்னோட்டப் படம் வந்தது என்று பார்ப்பதைவிட, ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

பால்டர்ஸ் கேட் நாலு எப்போ வரும்?

தேதி சொல்லப்படவில்லை. லாரியன் அதைச் செய்யப்போவதில்லை என்பதை அதன் தலைவர் ஸ்வென் விங்கே 2024 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்துவிட்டார். மூன்றாம் பாகத்துக்கு விரிவாக்கமும் இல்லை என்றார். 2025 ஏப்ரலில் பாத்திர வகைகளுக்கான 12 புதிய துணைப்பிரிவுகளோடு வந்த எட்டாம் திருத்தமே கடைசிப் பெரிய திருத்தம். விசார்ட்ஸ் தரப்போ, இந்தத் தொடரை இன்னொரு 25 ஆண்டு கிடப்பில் போடும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்றும், பல நிறுவனங்களோடு பேசிவருவதாகவும் கூறியிருக்கிறது. ஆகவே நான்காம் பாகம் ஒருநாள் வரலாம்; அதைச் செய்பவர்கள் மூன்றாம் பாகத்தைச் செய்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சம்பாதிச்ச பிறகும் லாரியன் ஏன் விட்டுட்டுப் போனாங்க? யாராச்சும் இப்படிச் செய்வாங்களா?

சம்பாதித்தது உண்மை. 2023 ஆகஸ்டு 3-ஆம் தேதி வெளியான சில நாள்களிலேயே ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் ஒரே நேரத்தில் 8,75,000 பேருக்கு மேல் விளையாடினார்கள். ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான முக்கிய விருதுகளையெல்லாம் அள்ளியது. இந்த விளையாட்டின் மூலம் ஹாஸ்ப்ரோவுக்குக் கிடைத்த வருவாய் மட்டுமே ஏறத்தாழ 9 கோடி அமெரிக்க டாலர் என்று அந்நிறுவனம் தன் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது.

விரிவாக்கத்துக்கான வேலையைத் தொடங்கிப் பார்த்தார்கள். மனம் ஒட்டவில்லை, நிறுத்திவிட்டார்கள் என்பது விங்கே தந்த விளக்கம். அதை நான் நம்புகிறேன். ஆனால் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. இரண்டாவது விடையில் சொன்னதை நினைவுகூருங்கள்: ஆறேழு ஆண்டு உழைத்துப் புகழ்பெற வைத்த பாத்திரம் எதுவும் லாரியனுடையதன்று. அடுத்த ஆறு ஆண்டுகளையும் அங்கேயே செலவழிப்பதைவிட, தனக்கே சொந்தமான டிவினிட்டி உலகத்துக்குத் திரும்புவது மேல். 2025 டிசம்பரில் அறிவித்த அடுத்த விளையாட்டின் பெயரும் டிவினிட்டிதான்.

இதில் லாரியன் முதல் ஆளும் அன்று. பால்டர்ஸ் கேட் செய்த பயோவேர், தனக்கென்று ஓர் உலகத்தை எழுதி 2009-இல் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸை வெளியிட்டது. நெவர்விண்டர் நைட்ஸ் 2 செய்த அப்சிடியன், பொதுமக்களிடம் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் திரட்டி, 2015-இல் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியைக் கொண்டுவந்தது. அதுவும் சொந்த உலகம். இந்தப் பெயரில் தொழில் கற்று வென்ற ஒவ்வொரு நிறுவனமும் தனிக்குடித்தனம் போயிருக்கிறது. உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியன்று. ஒப்பந்தத்தின் இயல்பே அப்படி.

இன்னொன்றும் நடந்தது. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வேலையிலிருந்து நீக்கியது. லாரியனோடு முதன்முதலில் உட்கார்ந்து பேசிய விசார்ட்ஸ் ஊழியர்களில் அனேகமாக யாருமே மிஞ்சவில்லை என்று விங்கே அப்போது வருத்தத்தோடு எழுதினார். அதனால்தான் லாரியன் விலகியது என்று நான் சொல்லவில்லை. உங்களை நம்பி உரிமம் கொடுத்தவர் அந்த நாற்காலியில் இல்லாதபோது உறவு பழையபடி இருக்காது என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி அண்ணே, இப்போ இந்தப் பேர்ல என்னதான் வருது?

விசார்ட்ஸுக்குச் சொந்தமான, மொன்றியாலில் உள்ள இன்வோக் ஸ்டுடியோஸ், வார்லாக் என்ற அதிரடி விளையாட்டை 2025 டிசம்பரில் அறிவித்தது. 2027-இல் வெளியிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதே நிறுவனம்தான் டூக் என்ற பழைய பெயரில் 2021-இல் டார்க் அலையன்ஸைச் செய்தது. அது நன்றாகப் போகவில்லை. ஸ்டார் வார்ஸ் ஜெடை விளையாட்டுகளை இயக்கிய ஸ்டிக் அஸ்முசன் தொடங்கிய ஜயண்ட் ஸ்கல் நிறுவனம், ஒருவர் மட்டும் விளையாடும் சாகச விளையாட்டுக்காக விசார்ட்ஸோடு கைகோத்திருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. மேசை விளையாட்டின் சாயலிலேயே அமைந்த பேட்டில்மார்க்ட் 2025 நவம்பரில் வெளியாகியும் விட்டது. எக்ஸோடஸ் என்ற விளையாட்டையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது விசார்ட்ஸின் இன்னொரு நிறுவனம் செய்யும் விண்வெளிக் கதை, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கைவிடப்பட்டவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 தொடக்கத்தில் விசார்ட்ஸ் குறைந்தது 5 கணினி விளையாட்டுத் திட்டங்களை நிறுத்தியதாகச் செய்தி வெளியானது. சுவீடனின் ஸ்டார்பிரீஸ் 2023 டிசம்பரில் அறிவித்து, 2026-இல் வரும் என்று சொல்லியிருந்த கூட்டு விளையாட்டு 2025 அக்டோபரில் ரத்தானது. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புதிய வரைகலை அட்டைக்குக் காசு சேர்க்கத் தொடங்கும் தம்பிகளுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

உரிமம் வாங்காம அதே விதிகளை வெச்சு விளையாட்டு செய்ய முடியுமா? திருட்டு ஆகாதா?

முடியும், திருட்டும் ஆகாது. 2000-ஆம் ஆண்டில் விசார்ட்ஸ் தன் விதிகளின் அடிப்படைப் பகுதியைத் திறந்த உரிமத்தில் பிறரும் பயன்படுத்த அனுமதித்தது. அந்த அடித்தளத்தில் நின்றுதான் பைசோ நிறுவனம் 2009-இல் பாத்ஃபைண்டர் என்னும் தன் மேசை விளையாட்டைத் தொடங்கியது. அதிலிருந்து ஆவுல்கேட் நிறுவனம் 2018-இலும் 2021-இலும் இரண்டு பெரிய கணினி விளையாட்டுகளைச் செய்தது.

2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை இறுக்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டுகிறவர், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. விளையாடுகிறவர்களும் சிறு பதிப்பாளர்களும் கொதித்தெழுந்து, விசார்ட்ஸின் இணையத் தளமான டி அண்ட் டி பியாண்டின் சந்தாக்களைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். அந்த மாதமே விசார்ட்ஸ் இறங்கிவந்தது. வரைவைக் கைவிட்டதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2024-இல் புதுப்பித்த விதிகளின் அடிப்படைப் பகுதியும் 2025 ஏப்ரலில் அதே முறையில் வந்தது. அந்த உரிமத்தை யாரும் திரும்பப் பெற முடியாது.

என் கணிப்பில், இந்த விளையாட்டுகளின் எதிர்காலத்தை மாற்றிய நிகழ்ச்சி 2023-இல் இரண்டு: ஒன்று பால்டர்ஸ் கேட் 3, மற்றொன்று இது. முன்னதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பின்னதைப் பற்றிக் கடையில் கேட்டவர்கள் மிகக் குறைவு. இனி ஒரு சிறு குழு விதிகளை எடுத்துக்கொள்ள யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பெயர், சின்னம், பால்டர்ஸ் கேட் போன்ற ஊர்கள், விசார்ட்ஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சில அரக்க வகைகள் ஆகியவற்றுக்கு மட்டுமே இன்னும் ஒப்பந்தம் தேவை.

உரிமம் முடிஞ்சா, காசு கொடுத்து வாங்கின விளையாட்டு காணாமப் போயிடுமா?

பெரும்பாலும் விற்பனைதான் நிற்கும். வாங்கியவர் கணக்கில் அது இருக்கும். 2015-இல் வந்த சுவோர்ட் கோஸ்ட் லெஜண்ட்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அதைச் செய்த என்-ஸ்பேஸ் நிறுவனம் 2016-இல் மூடப்பட்டது. 2017 இறுதியோடு விளையாட்டும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் பதிவிறக்க முடிந்தது. புதிதாக யாரும் வாங்க முடியவில்லை.

இணையத்தில் மட்டுமே ஓடும் விளையாட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. வழங்கியை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைக்க விரும்புகிறவர்கள், பூட்டு இல்லாத நிறுவல் கோப்பைத் தரும் ஜிஓஜி கடையில் வாங்கி, ஒரு வெளி வட்டில் படி எடுத்து வைப்பது நல்லது.

கணினியிலேயே எல்லாம் வந்துட்டா, மேசையில யார் விளையாடப் போறா?

நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. மேல்மாடிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் பலர் பால்டர்ஸ் கேட் 3-ஐப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

விசார்ட்ஸ் கணினிப் பக்கம் சாய்வது உண்மைதான். டி அண்ட் டி பியாண்ட் தளத்தை 2022-இல் சுமார் 14.6 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் மேசையையே முப்பரிமாணத்தில் திரைக்குள் கொண்டுவரும் சிஜில் திட்டம் 2025 பிப்ரவரியில் வெளியான சில வாரங்களிலேயே, அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோரை விசார்ட்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நான்கு பேர், ஒரு மேசை, கொஞ்சம் முறுக்கு, பகடை என்றிருக்கும் இடத்தில், அதே மேசையின் படத்தைக் காட்டும் மென்பொருளுக்கு என்ன தேவை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஏஐ வந்துடுச்சே. இனிமே கதையை அதுவே நடத்திடாதா?

முயன்று பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் பெயரை வாங்குகிறவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் வெளிவரவிருந்த ஒரு நூலின் ஓவியங்களில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்துக் கூச்சலிட்ட பிறகு, விசார்ட்ஸ் தன் ஓவியர்களுக்கு அதைத் தடை செய்தது.

பையன் எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டான். கேம் செய்யுற வேலைக்குப் போறேங்கிறான். சோறு போடுமா, ஐயா?

வேலை நம் நாட்டிலேயே இருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. லாரியனுக்குக் கோலாலம்பூரில் ஒரு கிளை உண்டு. பால்டர்ஸ் கேட் 3-இல் அங்குள்ளவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. லெமன் ஸ்கை, பேஷன் ரிபப்ளிக் போன்ற மலேசிய நிறுவனங்கள் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வரைகலை செய்து கொடுத்துப் பெயர் வாங்கியவை. பேஷன் ரிபப்ளிக் 2022-இல் கிகாபாஷ் என்ற சொந்த விளையாட்டையும் வெளியிட்டது. சோனியும் 2020-இல் கோலாலம்பூரில் ஒரு கூடம் திறந்தது.

அதே மூச்சில், மேலே சொன்ன ஆட்குறைப்புகளையும் பையனிடம் சொல்லுங்கள். விளையாட்டு வெற்றி பெற்றாலும் வேலை போகும் துறை இது. கல்லூரிச் சான்றிதழைவிட, தானே செய்த மூன்று நான்கு வேலைகளின் மாதிரியைத்தான் நிறுவனங்கள் முதலில் கேட்கும். வரைகலையானாலும் நிரலானாலும் அந்தப் பயிற்சி வேறு வேலைக்கும் உதவும் என்பதால், ஒரு கதவு சாத்தினாலும் பையன் தெருவில் நிற்க மாட்டான்.

உங்க கணிப்பு என்ன அண்ணே? அடுத்த பத்து வருஷத்துல நல்லது வருமா?

பெயரைத் தாங்கிய விளையாட்டுகள் நிறைய வரும். ஒரு விளையாட்டு 9 கோடி டாலர் கொண்டுவந்ததைப் பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை வார்லாக்கைப் போல அதிரடி வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறாண்டு பொறுத்து, நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்து, கிளைக்கதைகளாக எழுதிக் குவிக்கும் துணிவு பங்குச்சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனத்துக்கு எளிதில் வராது.

பால்டர்ஸ் கேட் 3 போன்ற ஒன்று மீண்டும் வருமானால், ஓரளவு பெயர் எடுத்து, சொந்தப் பணம் வைத்துக்கொண்டு, பெரிய பெயர் ஒன்றுக்காகக் காத்திருக்கும் நடுத்தர நிறுவனத்திடமிருந்து வரும். அதுவும் ஒரு விளையாட்டோ இரண்டோ செய்துவிட்டுப் போய்விடும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஹாஸ்ப்ரோ ஒரே நிறுவனத்தை நிரந்தரமாகப் பிடித்து வைக்க முயல்வதைவிட, அடுத்த லாரியன் எது என்று தேடுவதே அதற்கும் நல்லது.

நம்ம தோட்டத்துக் கதைங்களை வெச்சு நாமளே ஒண்ணு செய்யலாமா? முனியாண்டி சாமி, பொந்தியானாக் எல்லாம் வர்ற மாதிரி?

தாராளமாகச் செய்யலாம். முனியாண்டியும், மலாய்ப் பேய்க்கதைகளில் வரும் பொந்தியானாக்கும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்லர். விதிகளுக்கு மேலே சொன்ன திறந்த அடிப்படை விதிகள் போதும். அவற்றைப் பயன்படுத்தி விற்கவும் செய்யலாம். அந்த ஆவணத்தின் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் நன்றி வாசகத்தை உங்கள் விளையாட்டில் எங்காவது, எடுத்துக்காட்டாகப் பங்களித்தோர் பக்கத்தில், அப்படியே போட வேண்டும் என்பது நிபந்தனை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையோ சின்னத்தையோ அட்டையில் போடக்கூடாது. ஐந்தாம் பதிப்போடு பொருந்தும் என்று மட்டும் குறிப்பிடலாம்.

முதலில் மேசையில் விளையாடிப் பாருங்கள். சனிக்கிழமைக் குழுவில் ஒரு பெண் எழுதிய கதையில், ஆள் ஒழிந்த லயத்தில் இரவு தங்கும் நால்வர் எல்லைக்கல்லில் இருக்கும் சாமிக்குச் சுருட்டு வைக்காமல் தாண்டினால், அதன் பிறகு உருட்டும் ஒவ்வொரு பகடையிலும் இரண்டைக் கழிக்க வேண்டும். இரண்டு வாரம் விளையாடியதில், இரண்டு அதிகம், ஒன்று போதும் என்று தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க நிரல் எழுதியிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கதை பிடிபட்ட பிறகு, இலவசமாகக் கிடைக்கும் கோடோ போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரே ஓர் அறையை மட்டும் செய்து பாருங்கள்.

உங்கள் உரையாடல், ஓவியம், நிரல் ஆகியவற்றுக்கு மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாமலே உரிமை உண்டு. சான்று வேண்டுமென்றால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவிடம் தானாக முன்வந்து அறிவிக்கும் முறை இருக்கிறது. குழுவாகச் செய்கிறீர்கள் என்றால், யாருக்கு எந்தப் பங்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள்.